உங்கள் படுக்கையருகே நிற்கும் மருத்துவ மாணவர்: வருகை விதி, நடத்தை விதி, உங்கள் உரிமை

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அன்று ஒரே நாளில் தொடங்கி வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. இங்கு ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள் உள்ளன. ஆகவே சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளிலிருந்து இம்மருத்துவமனைக்கு வருவோர், வெள்ளைக் கோட்டு அணிந்து குறிப்பேட்டுடன் நிற்கும் இளைஞர்களை வார்டுகளில் காண்பது வழக்கமாகியுள்ளது.

இவர்கள் யார், ஏன் நாள்தோறும் வருகிறார்கள், உங்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், நீங்கள் இவர்களை மறுக்கலாமா என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது. முதன்மையான செய்தி இது: வார்டுக்கு வருவது மாணவரின் கடமை, அவர் உங்களைப் பரிசோதிக்க இசைவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

வார்டில் காணப்படுவோர் யார் யார்?

- எம்.பி.பி.எஸ். மாணவர்: நான்கரை ஆண்டுப் படிப்பில் இருப்பவர். நோய் விவரம் கேட்கலாம். ஆசிரியரின் மேற்பார்வையில், உங்கள் ஒப்புதலுடன் உடலைப் பரிசோதிக்கலாம். மருந்து எழுதித் தரவோ, சான்றிதழ் வழங்கவோ, சிகிச்சையை மாற்றவோ இவருக்கு அதிகாரம் இல்லை.
- பயிற்சி மருத்துவர்: இறுதித் தேர்வில் வென்று, தற்காலிகப் பதிவு பெற்று, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். மூத்த மருத்துவர்களின் கண்காணிப்பில் சிகிச்சையளிப்பவர்.
- முதுநிலை மாணவர்: எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர். ஒரு துறையில் மேற்படிப்புப் பயில்பவர்.
- செவிலியர் மாணவர்: செவிலியர் ஆசிரியரின் மேற்பார்வையில் பராமரிப்புப் பணிகளைக் கற்பவர்.

வந்திருப்பவர் யார் என்பது விளங்கவில்லையெனில், "நீங்கள் மாணவரா, மருத்துவரா?" என்று தயங்காமல் கேளுங்கள். நேர்மையான விடை பெறுவது உங்கள் உரிமை.

வருகைப்பதிவு பற்றிய விதி என்ன?

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளின்படி, எம்.பி.பி.எஸ். மாணவர் ஒரு பாடத்தில் பல்கலைக்கழகத் தேர்வு எழுத, அப்பாடத்தின் வகுப்பறைப் பாடங்களில் குறைந்தது 75 விழுக்காடும், செய்முறை மற்றும் வார்டுப் பயிற்சியில் குறைந்தது 80 விழுக்காடும் வருகை பெற்றிருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே கணக்கிடப்படும். வகுப்பறைக்கு ஒரு நாளும் தவறாமல் வந்தவராயினும், 100 வார்டு வகுப்புகளில் 79 மட்டுமே வந்திருந்தால் அவருக்குத் தகுதி இல்லை.

செவிலியர் பட்டப்படிப்பில் விதி இன்னும் கடுமையானது. இந்திய செவிலியர் மன்றத்தின் விதிப்படி, விடுப்புக்கான காரணம் எதுவாயினும், ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். பட்டம் பெறுமுன் ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் வருகை 100 விழுக்காடு ஆகியிருக்க வேண்டும். விடுபட்ட நாள்களை மாணவர் பின்னர் வந்து ஈடுசெய்தாக வேண்டும்.

இரு விதிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வகுப்பறைப் பாடத்தைவிட நோயாளர் அருகே கற்கும் பாடத்திற்கே அதிக எடை தரப்பட்டுள்ளது.

ஏன் இத்தனை கண்டிப்பு?

பட்டாசுத் தொழில் நடைபெறும் இம்மாவட்டத்தில் இதற்கான விடையைத் தீக்காயச் சிகிச்சையில் காணலாம். தீக்காயமுற்றவருக்கு முதல் நாளில் எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்பது, உடல் எடையையும் வெந்த பரப்பின் விழுக்காட்டையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. வளர்ந்தவர் ஒருவருக்குத் தலையும் கழுத்தும் சேர்ந்து 9, கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18 விழுக்காடு எனப் பாடநூல் கூறும். குழந்தைக்கு இக்கணக்கு பொருந்தாது; குழந்தையின் தலை உடலளவில் பெரியது. இவற்றை ஓர் இரவில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கருமருந்துத் தூள் படிந்து கறுத்த தோலில் எது வெறும் கறை, எது ஆழ்ந்த காயம் எனப் பிரித்தறியும் கண், பல காயங்களைப் பார்த்த பின்பே வாய்க்கும்.

மற்றுமோர் எடுத்துக்காட்டு. மூடிய அறையில் மருந்து பற்றி எரிந்து முகம் வெந்தவர், மருத்துவமனைக்கு வரும்போது தெளிவாகப் பேசலாம். சில மணி நேரத்தில் அவர் குரல் கம்மக்கூடும். உள்ளே மூச்சுப்பாதை வீங்குவதன் அடையாளம் அது; உடனே மூச்சுக்குழாய் பொருத்தப்படாவிடில் உயிருக்கே ஆபத்து. காலையில் அவர் பேசிய குரலைக் கேட்டு, நண்பகலில் அதன் மாற்றத்தையும் கேட்ட மாணவர் அதை மறப்பது அரிது. அன்று வராதவருக்கு அது நூலில் உள்ள ஒரு வரியாகவே நிற்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தின்போது இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. காயமுற்றோர் பலர் மதுரை வரை கொண்டு செல்லப்பட்டனர். இன்று இங்கே பயில்வோர் நாளை ஏதோ ஓர் அரசு மருத்துவமனையில் இரவுப்பணியில் தனித்திருப்பர். அப்போது வரும் நோயாளருக்கு, இன்று ஒழுங்காகப் பதிவான வருகையே பாதுகாப்பு.

வகுப்பறையிலும் உடற்கூறு அறையிலும்

உரிய நேரத்தில் வருதல், பாடவேளையில் கைப்பேசியைப் பயன்படுத்தாதிருத்தல், பிறருக்காக வருகையைப் பதிவு செய்யாதிருத்தல் ஆகியன வகுப்பின் அடிப்படை ஒழுங்குகள். வராத ஒருவரை வந்தவராகக் காட்டுவது சிறு குறும்பாகத் தோன்றலாம். ஆனால் அதே கை நாளை, அளக்காத இரத்த அழுத்தத்தை நோயாளரின் தாளில் எழுதவும் துணியும். எனவேதான் இதை நேர்மைக் குறைபாடாகக் கருதுகிறோம்.

2019 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தில் மனப்பான்மை, மருத்துவ அறம், உரையாடும் முறை ஆகியவை தனிப் பாடக்கூறாகச் சேர்க்கப்பட்டுள்ளன. உடற்கூறு அறையில் மாணவரின் முதல் ஆசிரியர், தம் உடலைக் கொடையளித்த ஒருவரே. அங்கே படம் எடுப்பதும் நகைப்பதும் தவறு. உயிரற்ற உடலிடம் காட்டும் மரியாதையே உயிருள்ள நோயாளரிடம் காட்டும் மரியாதைக்கு முதற்படி.

மூத்த மாணவர் இளையவரைத் துன்புறுத்துவது தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம், 1997-இன்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

வார்டில் மாணவரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை

1. தம் பெயரையும், தாம் மாணவர் என்பதையும் முதலில் கூற வேண்டும்.
2. ஒவ்வொரு நோயாளரையும் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும்.
3. பரிசோதிக்குமுன் ஒப்புதல் கேட்க வேண்டும்; திரையை இழுத்து மூட வேண்டும்; தேவையான பகுதியை மட்டுமே விலக்கிப் பார்க்க வேண்டும்.
4. பெண் நோயாளரை ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும்.
5. வயது, தொழில், சாதி, வசதி பாராமல் மரியாதையுடன் பேச வேண்டும். "மூன்றாம் கட்டில் கேஸ்" என்றல்லாமல் உங்கள் பெயரால் குறிப்பிட வேண்டும்.
6. உங்கள் முகத்தையோ, காயத்தையோ, மருத்துவப் பதிவேட்டையோ தம் கைப்பேசியில் படமெடுக்கக் கூடாது.
7. உங்கள் நோயைப் பற்றி நடைபாதையிலும் பேருந்திலும் உணவகத்திலும் பேசக் கூடாது.

கை கழுவுதல் சிறு செய்தியன்று. 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில், பேறுகால உதவிக்குப் பயின்ற பெண்கள் இருந்த பிரிவைவிடத் தாய்மார் அதிகமாக இறந்தனர். மாணவர்கள் பிணக்கூறு அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 அளவில் இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. மாணவரின் ஒழுங்கு நோயாளரின் உயிரைத் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோலின் காப்பை இழந்த தீக்காய நோயாளருக்குத் தொற்று எளிதில் பற்றும். எனவே அவரைச் சூழ்ந்து பலர் நிற்பது தகாது. "கை கழுவிவிட்டீர்களா?" என்று மாணவரையும் மருத்துவரையும் நீங்கள் கேட்கலாம், அது அவமதிப்பாகாது.

"வேண்டாம்" என்று சொல்லலாமா?

சொல்லலாம். பலர் இரண்டு அச்சங்களால் வாய் திறப்பதில்லை.

முதலாவது, மறுத்தால் சிகிச்சை குறைந்துவிடுமோ என்பது. குறையாது, குறைக்கவும் கூடாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் முன்னறிந்து ஒப்புதல் தருதல், அந்தரங்கம், கண்ணியம் ஆகியன இடம்பெற்றுள்ளன. கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவதால் இவ்வுரிமைகள் சுருங்குவதில்லை. உங்கள் உடல் அதற்கு ஈடாகக் கேட்கப்படும் விலையன்று.

இரண்டாவது, "பாவம், படிக்கிற பிள்ளைகள், நான் மறுத்தால் அவர்கள் படிப்பு கெடுமே" என்னும் இரக்கம். உங்கள் மறுப்பால் எந்த மாணவரின் வருகையும் குறையாது. வருகைப்பதிவு, அவர் வார்டுக்கு வந்ததைக் குறிப்பது. உங்களைத் தொட்டதை அன்று. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு நாளில் உங்களைப் பங்கேற்க அழைத்தாலும் இதுவே பொருந்தும்.

முழுமையாக மறுக்காமல் வரம்பிட்டும் இசையலாம்:

- "கேள்வி கேளுங்கள், தொட வேண்டாம்."
- "ஒருவர் மட்டும் பாருங்கள், வயிற்றை அழுத்தினால் வலிக்கிறது."
- "மாணவியர் மட்டும் பார்க்கட்டும்."
- "கட்டுப் பிரிக்கும்போது வேண்டாம், பிறகு வாருங்கள்."

தொடக்கத்தில் இசைந்துவிட்டு இடையில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மயக்கத்தில் இருப்பவராலோ குழந்தையாலோ இதைச் சொல்ல இயலாது. அவர்கள் சார்பில் உடனிருப்போர் சொல்ல வேண்டும்.

இசைவு தந்தால் அதனால் நன்மையும் உண்டு. நேரமெடுத்துக் கேட்கும் மாணவரிடம், அவசரத்தில் மருத்துவரிடம் சொல்ல மறந்தது நினைவுக்கு வரலாம். "எந்த அறையில் வேலை? மருந்து கலப்பதா, திரி வைப்பதா, பெட்டி ஒட்டுவதா?" என அவர் கேட்பது வீண் ஆர்வத்தால் அன்று, தொழிலை அறிந்தால்தான் தோல், கண், நுரையீரல் பாதிப்பின் காரணம் விளங்கும்.

விபத்துக் காயமெனில் ஓர் எச்சரிக்கை

மாணவரின் குறிப்பேடு படிப்புக்கு உரியது; சட்டப் பதிவன்று. ஆலை விபத்து எப்படி, எங்கே, எப்போது நடந்தது என்பதைப் பணியிலுள்ள மருத்துவ அலுவலரிடம் நேரில் கூறி, விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். இழப்பீடு கோரும்போது அப்பதிவே துணை நிற்கும். நீங்கள் சொன்ன செய்தி ஆலை மேலாளருக்கோ மேஸ்திரிக்கோ மாணவர் வழியாகச் செல்வது, அவர் காக்க வேண்டிய மறைபொருளை மீறும் செயலாகும்.

வீட்டுக்கு வரும் மாணவர்

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்கீழ், எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமங்களில் சில குடும்பங்களின் உடல்நலத்தைப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து கவனிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு ஆசிரியருடன் வரும் மாணவர் இரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின் எடை முதலியவற்றைப் பார்க்கலாம். இங்கும் ஒப்புதல் உங்களுடையது. தொடர்ந்து உட்கொள்ளும் மாத்திரையை அவர் சொன்னதைக் கொண்டு மட்டும் நிறுத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள்.

குறை இருந்தால்

மாணவரின் நடத்தை வருத்தமளித்தால் முதலில் வார்டுச் செவிலியரிடமோ, உங்கள் பிரிவின் மருத்துவரிடமோ கூறுங்கள். தீர்வு கிடைக்காவிடில் நிலைய மருத்துவ அலுவலரை (ஆர்.எம்.ஓ.) அணுகுங்கள். 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். நாள், நேரம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது உதவும். படம் எடுக்கப்பட்டது எனில் அதை உடனடியாகச் சொல்லுங்கள். அது பரவுமுன் நீக்கச் செய்ய வேண்டும்.

நினைவில் கொள்க

- வார்டுப் பயிற்சியில் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு 80 விழுக்காடு வருகை கட்டாயம். உங்கள் ஒப்புதல் கட்டாயமன்று.
- மறுத்தாலும் சிகிச்சை மாறாது. மாணவரின் வருகையும் குறையாது.
- பெயர் சொல்லுதல், கை கழுவுதல், ஒப்புதல் கேட்டல், திரை மூடுதல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் எதிர்பாருங்கள்.
- விபத்தின் விவரத்தை மருத்துவ அலுவலரிடம் கூறிப் பதிவு செய்யுங்கள்.
- மாணவர் நன்முறையில் நடந்துகொண்டால் அதையும் அவருடைய ஆசிரியரிடம் சொல்லுங்கள். நோயாளர் வாயால் கேட்கும் பாராட்டும் திருத்தமும் மாணவர் மனத்தில் நெடுநாள் நிற்கும்.