மறந்தால் மடியும் தெய்வங்கள்

சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கல்லூரியில் பயிலும் பங்கு இளைஞன் ஒருவன் மட்டும் கோவிலின் பக்கவாசலில் தயங்கி நின்றான். "என்ன தம்பி?" என்றேன். "ஃபாதர், மக்கள் எல்லாரும் ஒருநாள் கடவுளை மறந்துவிட்டால் அவர் என்ன ஆவார்? செத்துப்போவாரா?" என்று கேட்டான்.

கடவுள் உண்டு என்பதற்குப் புனித தாமஸ் அக்குவினார் காட்டிய ஐந்து வழிகளையும் குருமடத்தில் பாடமாகப் பயின்றவன் நான். அவற்றைச் சொல்ல வாயெடுத்தேன். ஆயினும் அவன் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன். அது தேர்வுக்கான கேள்வியன்று. உள்ளத்தை உறுத்திய கேள்வி. "எங்கிருந்து வந்தது இந்த எண்ணம்?" என்றேன். "ஒரு தொடர் பார்த்தேன், ஃபாதர்" என்று அதன் பெயரைச் சொன்னான். அதனை நானும் கண்டு, அதன் மூலமான நாவலையும் படித்த பின்பே விடை சொல்வதாக அவனிடம் கூறினேன். அவ்விடையை நம் குடும்பங்கள் அனைத்தும் கேட்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நூலும் தொடரும்

நீல் கெய்மன் என்னும் எழுத்தாளர் 1960-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1992-இல் அமெரிக்காவில் குடியேறியவர். 1998-ஆம் ஆண்டு அவர் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்கியவிக்கில் தங்க நேர்ந்தது. பண்டைய வடநாட்டுக் கடலோடிகள் மேற்கே அமெரிக்கா வரை சென்ற பயணத்தை விளக்கும் காட்சி ஒன்றை அங்கே கண்டார். அக்கடலோடிகள் திரும்பி வந்தபோது தங்கள் தெய்வங்களை அக்கரையிலேயே விட்டுவந்தனரோ என்னும் வினா அவருள் எழுந்தது. அவ்வினாவே 'அமெரிக்கன் காட்ஸ்', அதாவது அமெரிக்கத் தெய்வங்கள், என்னும் நாவலாக 2001-இல் வெளிவந்தது. பின்னர் ஹியூகோ, நெபுலா என்னும் இரு பரிசுகளையும் பெற்றது.

பிரையன் ஃபுல்லர், மைக்கேல் கிரீன் என்னும் இருவர் இதனைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப உருவாக்கினர். ஸ்டார்ஸ் என்னும் அமெரிக்க அலைவரிசையில் 2017 ஏப்ரல் 30 அன்று தொடங்கி, 2021 வரை மூன்று பருவங்களாக 26 பகுதிகள் ஒளிபரப்பாயின. பெற்றோர்க்கு முதற்கண் ஓர் எச்சரிக்கை: இது வயது வந்தோர்க்கென எடுக்கப்பட்டது. குருதியும் நாணமற்ற காட்சிகளும் இதில் மிகுதி. பிள்ளைகளுக்கு உரியதன்று. எனினும், பிள்ளைகளுக்கு ஆகாது என்பதனாலேயே அதில் சிந்திக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

பசித்த தெய்வங்கள்

கதையின் கரு இதுதான். நாடுவிட்டு நாடு பெயர்ந்த மக்கள் தங்கள் தெய்வங்களையும் நெஞ்சில் சுமந்து அமெரிக்கா வந்தனர். தலைமுறைகள் கடந்தன, பேரப்பிள்ளைகள் மறந்தனர். படையலும் பலியுமின்றி அத்தெய்வங்கள் நலிந்தன. நினைப்பவர் உள்ளவரையே அவற்றுக்கு வாழ்வு, மறந்தால் மடிவு.

சிறையினின்று விடுதலையாகும் ஷேடோ என்னும் மனிதனை 'வெனஸ்டே' என்னும் முதியவர் ஒருவர் வேலைக்கு அமர்த்துகிறார். அவர்தாம் வடநாட்டாரின் ஓடின். ஆங்கிலத்தில் புதன்கிழமைக்கு உரிய பெயர் அத்தெய்வத்தின் பெயரினின்று வந்ததே. ஒருகாலத்தில் போர்க்களங்களைப் பலியாகப் பெற்றவர், இப்பொழுது சிறுசிறு ஏமாற்றுகளால் காலங்கழிக்கிறார். சிலாவிய மக்கள் அஞ்சிய செர்னபோக், சிகாகோ நகரின் இறைச்சிக் கொட்டகையில் சம்மட்டியால் மாடுகளை வீழ்த்தும் தொழிலாளியாய் இருந்து முதுமையுற்றவர். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டைச் சார்ந்த அக்கான் மக்களின் கதைகளில் வரும் அனான்சி, 1697-ஆம் ஆண்டின் ஓர் அடிமைக் கப்பலின் அடித்தட்டில் தோன்றி, விலங்கிட்டுக் கிடப்போரிடம் அவர்தம் மக்களுக்கு வரவிருக்கும் நூற்றாண்டுகளின் துயரை எடுத்துரைக்கிறார். கல்நெஞ்சரையும் கலங்கச் செய்யும் காட்சி அது.

ஓரிடத்தில் மட்டும் என் மனம் ஒப்பவில்லை. காளியை 'மாமா-ஜி' என்னும் உணவகப் பணிப்பெண்ணாகத் தொடர் காட்டுகிறது. ஓடினை வணங்குவோர் இன்று அரியர். காளியோ நம் அடுத்த வீட்டார் உயிருள்ள பக்தியோடு வணங்கும் தெய்வம். பிற சமயத்தாரை மதிப்போடு நோக்க வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. அண்டை வீட்டாரின் கைகூப்பலைக் கண்டு நகைப்பது கிறிஸ்தவனுக்கு அழகன்று.

திரையே பலிபீடம்

பழைய தெய்வங்களுக்கு எதிராகப் புதியன எழுந்துள்ளன. கணினியின் பிள்ளையான ஓர் இளைஞன்; உலக வாணிகத்தின் உருவான ஒரு கனவான்; இவர்களோடு 'மீடியா' என்னும் பெண். கில்லியன் ஆண்டர்சன் நடித்த அப்பாத்திரம் லூசில் பால், மர்லின் மன்றோ முதலிய புகழ்பெற்றோரின் உருவெடுத்துத் தோன்றுகிறது. கடையொன்றில் விற்பனைக்கு வைத்த தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அவள் ஷேடோவிடம் பேசுகிறாள். மக்கள் தன் முன்னே அமர்ந்து தங்கள் நேரத்தையும் கவனத்தையும் தனக்குப் படைப்பதாகப் பெருமை பேசுகிறாள்.

அன்புள்ள வாசகர்களே, இதில் பொய் உண்டோ? பலி என்பது ஆட்டின் குருதி மட்டுமன்று. மீண்டும் பெறவியலாத ஒன்றைக் கொடுப்பதே பலி. செலவான பணத்தை ஈட்டலாம். சென்ற மாலைப்பொழுதை யாரால் ஈட்ட முடியும்? அதனை யாருக்குக் கொடுக்கிறோமோ அவரே நம் ஆண்டவர்.

நாவலில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் தொடரில் சேர்த்துள்ளனர். உரோமரின் நெருப்புக்கும் கொல்லுலைக்கும் உரிய தெய்வமான வல்கன், புதியவரோடு உடன்பாடு செய்துகொண்டு, துப்பாக்கிக் குண்டு செய்யும் ஆலைக்கு அதிபதியாகிறான். சுடப்படும் ஒவ்வொரு குண்டும் அவனுக்கு ஒரு வழிபாடு. பகுதியின் தொடக்கத்திலோ, மெக்சிக்கோ எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றை இரவில் கடக்கும் ஏழைகள் காட்டப்படுகின்றனர். மூழ்கும் ஒருவனை, நீர்மேல் நடந்து வரும் ஒருவர் தூக்கி நிறுத்துகிறார். அவர் இயேசு. கரையில் காத்திருந்த ஆயுதக் கூட்டம் சுட, கைகளை விரித்தபடி வீழ்கிறார். இதனை இறைப்பழிப்பு என்று சிலர் கருதக்கூடும். அந்நியனாய் வந்தவனை ஏற்காதவன் தம்மையே ஏற்காதவன் என்று ஆண்டவர் உரைத்ததை நினைவிற்கொண்டு நான் அமைதியாயிருந்தேன்.

முதற்பருவத்தின் இறுதியில், ஈஸ்டர் என்னும் தேவதையின் இல்லத்தில் பல இயேசுக்கள் விருந்துண்கின்றனர். ஒவ்வோர் இனத்தாரும் தத்தமக்கென ஒருவரை வைத்துள்ளனராம். தேவதையின் திருநாளைக் கிறிஸ்தவர் கவர்ந்துகொண்டனர் என்பது அங்கே சொல்லப்படும் குற்றச்சாட்டு. இதில் திருத்தம் ஒன்று வேண்டும். அத்தேவதையைப் பற்றி நமக்குக் கிடைப்பது புனித பேதா 725-ஆம் ஆண்டில் எழுதிய சிறு குறிப்பே. ஆண்டவரின் உயிர்ப்பு விழாவோ, யூதரின் பாஸ்காவினின்று வளர்ந்து, ஆங்கிலேயர் கிறிஸ்தவராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கொண்டாடப்பட்டு வந்தது. பெயர் மட்டுமே அவர்தம் மொழிக்குரியது, விழா அன்று.

ஆனால் பல இயேசுக்கள் என்னும் குத்தல் நம்மைத் தைக்கவே செய்கிறது. ஒரே நற்கருணையை உண்டபின், செத்தோரைப் புதைப்பதற்குச் சாதிக்கொரு கல்லறைத்தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? அங்கெல்லாம் வணங்கப்படுபவர் எந்த இயேசு?

கதை தவறவிட்டது

இனி அவ்விளைஞனின் கேள்விக்கு வருவோம். இதனை முதன்முதல் எதிர்கொண்டவர் நாமல்லர். 410-ஆம் ஆண்டு உரோமை நகர் விசிகோத்தியரால் சூறையாடப்பட்டபோது, பழைய தெய்வங்களை மறந்ததனாலேயே இக்கேடு வந்ததென்று பலர் முறையிட்டனர். அவர்களுக்கு விடையாகவே புனித அகுஸ்தீனார் 413-இல் 'கடவுளின் நகர்' என்னும் 22 பாகங்கள் கொண்ட நூலைத் தொடங்கினார். துரோயா நகர் எரிந்தபோது ஏனேயாஸ் என்பவன் தன் குலதெய்வங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததாக உரோமர் பெருமையோடு பாடுவர். தம்மைக் காக்க மனிதனின் கையை நாடியவை, அவனை எங்ஙனம் காக்கும் என்று அகுஸ்தீனார் வினவினார்.

அவருக்கும் முன்னே புனித சின்னப்பர், ஏத்தென்ஸ் நகரின் அரேயோபாகு மன்றத்தில் நின்று இதனையே அறிவித்ததாக அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. உலகைப் படைத்தவர் மனிதர் கட்டிய கோவிலில் அடங்குபவரல்லர். மனிதரின் பணிவிடை அவருக்குத் தேவையுமன்று. அனைவர்க்கும் உயிரும் மூச்சும் அளிப்பவரே அவர் என்றார். கெய்மனின் தெய்வங்கள் மனிதனின் மூச்சில் வாழ்பவை. நம் கடவுளின் மூச்சில் வாழ்பவன் மனிதன். வேறுபாடு இவ்வளவே, ஆயினும் இது விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள அமலோற்பவ அன்னையின் பேராலயத்தில், வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கென ஒரு செபக்கூடம் உண்டு. 1997-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. கடல்கடந்து சென்ற நம் மக்களும் தங்கள் பக்தியை உடன் கொண்டுசென்றனர் என்பதற்கு அது சான்று. ஆனால் அவர்கள் கடவுளைச் சுமந்து செல்லவில்லை. அவர்கள் போய் இறங்குமுன்பே அவர் அங்கே இருந்தார்.

மறந்தால் மடிவது யார்?

அப்படியாயின், மறதியினால் இழப்பு எவர்க்கும் இல்லையா? உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் அகுஸ்தீனார் அல்லர்; எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி.

மாதத்தின் முதல் வெள்ளியன்று அவருக்கு நன்மை கொடுக்கச் சென்றிருந்தேன். கூடத்தில் நால்வர் இருந்தனர். நால்வர் கையிலும் கைப்பேசி. என்னைக் கண்டதும் மரியாதையோடு எழுந்து, உள்ளறையைக் காட்டிவிட்டு அமர்ந்தனர். நன்மை வாங்கியபின் மூதாட்டி என் கையை விடவில்லை. "ஆண்டவரு தினமும் எங்கூடத்தான் இருக்காரு சாமி. பேசத்தான் ஒரு மனுசர் இல்லை" என்றார்.

மறக்கப்பட்டால் நலிந்து மடிபவர் கடவுள் அல்லர். அவர் சாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதரே. அந்தப் பசித்த தெய்வங்கள் உண்மையில் நம் வீட்டு உள்ளறைகளில் படுத்திருக்கின்றனர்.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கும் இல்லை. ஒருமுறை ஒரு தாய் தம் மகனைப் பற்றி என்னிடம் அழுது சொல்லிக்கொண்டிருக்கையில், மேசைமேல் இருந்த என் கைப்பேசி ஒளிர்ந்தது. என் கண் ஒரு கணம் அதன்மேல் சென்றது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். "பரவாயில்லை சாமி, அப்புறம் வாரேன்" என்று எழுந்து போனார். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. அன்று என் பலிபீடம் எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கவனமின்மையால் மடியும் தெய்வங்களைப் பற்றிய இத்தொடரும், பார்ப்போர் தொகை குறைந்துபோக, 2021 மார்ச்சில் கதை முடியாமலே நிறுத்தப்பட்டது. திரையின் தெய்வங்களுக்கும் ஆயுள் அவ்வளவே. அவற்றிற்காக நாம் படைத்த மாலைப்பொழுதுகளை அவை திருப்பித் தருவதில்லை.

எனவே பெற்றோர்களே, ஒன்று செய்யுங்கள். இன்றிரவு செபமாலைக்கு முன் எல்லாருடைய கைப்பேசிகளையும் ஒரு கூடையில் இட்டு அடுக்களையில் வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், பீடத்தின் முன் அல்ல, அவர் கட்டிலருகே அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள், அவர் பேசட்டும். சொன்ன கதையையே சொன்னாலும் கேளுங்கள்.

பாஸ்கா முடிந்தபின் அவ்விளைஞனைக் கண்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுல அப்பாயி இருக்காங்க, ஃபாதர்" என்றான். "சரி, போய்வா" என்றேன்.