மணியின் மூக்கில் ஒரு கீறல்

பூனை மீன் தின்றுகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு நாய் மணி கிட்டே போய் மோந்து பார்க்கிறது. பூனை சும்மா விடுமா? ஒரே அறை!

மணியின் மூக்கில் இப்போது குறுக்கே ஒரு கோடு. கோட்டின் நுனியில் ரத்தத் துளி ஒன்று திரண்டு நிற்கிறது. அது கீழே விழுவதற்குள் நாக்கு வந்து நக்கி எடுத்துவிடுகிறது. மறுபடி ஒரு துளி. மறுபடி நாக்கு.

"ஐயோ, இவ்வளவு ரத்தமா!" என்று பதறாதீர்கள். மூக்கில் மெல்லிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதனால் சின்னக் கீறலுக்கே ரத்தம் நிறைய வரும்.

சரி, அந்த நாக்கைக் கவனித்தீர்களா? கவனித்தவர்கள் கெட்டிக்காரர்கள்! மருந்து விஷயத்தில் நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அந்த நாக்குதான் முடிவு செய்யப்போகிறது.

நாயின் மூக்கை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சீத்தாப்பழத் தோலைப் பொடியாகச் செய்து ஒட்டியதுபோல் கட்டம் கட்டமாக இருக்கும். எப்போதும் ஈரமாகவும் இருக்கும். உள்ளே ஒரு சுரப்பி நீர் விடுகிறது. போதாததற்கு நாயும் நக்கிக்கொள்கிறது. காற்றில் வரும் வாசனைத் துகள்கள் ஈரத்தில் நன்றாக ஒட்டும். நம் மூக்கில் மணம் அறியும் செல்கள் ஏறக்குறைய 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல்! அது மட்டுமா? தள்ளியிருக்கும் பொருளின் மெல்லிய சூட்டைக்கூட நாயின் மூக்கு நுனி உணர்கிறது என்று 2020-இல் ஸ்வீடன், ஹங்கேரி விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இப்போது யோசியுங்கள். ஓயாமல் நக்கும் மூக்கில் எதைத் தடவினாலும் அது எங்கே போகும்? வயிற்றுக்குத்தான்! நமக்குப் போடும் களிம்பு, டிங்க்சர், டெட்டால் எதுவும் மணிக்கு வேண்டாம் என்பது இதனால்தான். பாட்டி மஞ்சள் டப்பாவோடு வருவார். அன்பாகத் தடுத்துவிடுங்கள். தூள் மூக்குக்குள் போனால் மணி தும்மும். தும்மினால் நின்ற ரத்தம் மறுபடி வரும்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடுங்கள். வலியில் இருக்கும் நாய், சோறு போட்ட கையையே கடிக்கும். அது அதன் குற்றமில்லை. காயத்தைத் தொடுவது பெரியவர்கள் வேலை. மணியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் உங்கள் வேலை.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து ஆறவிட வேண்டும். சுத்தமான துணியை அதில் நனைத்து மண்ணையும் ரத்தத்தையும் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது. பிறகு உலர்ந்த துணியால் கீறலை ஐந்து நிமிடம் லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளக்கூடாது. "நின்றுவிட்டதா?" என்று நடுநடுவே துணியைத் தூக்கிப் பார்க்கவும் கூடாது. ஏன் தெரியுமா? அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். கடிகாரம் உங்கள் கையில் இருப்பது இதற்காகத்தான்!

துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூக்குத் தண்டின் மேல் வைக்கலாம். துவாரத்தில் பஞ்சு திணிப்பது, தலையை அண்ணாந்து பிடிப்பது இரண்டும் வேண்டாம். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ வேறு வலி மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சாகலாம்.

இவ்வளவு செய்தும் பத்து நிமிடத்தில் ரத்தம் நிற்கவில்லையா? வெட்டு ஆழமா? முள் குத்தி நிற்கிறதா? முகம் வீங்குகிறதா? கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். பூனை கீறியிருந்தால் கண்ணையும் பாருங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அங்கும் நகம் பட்டிருக்கலாம். அடியே படாமல் துவாரத்துக்குள்ளிருந்து ரத்தம் வடிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அதற்கு வீட்டு வைத்தியமே கிடையாது.

தெருநாயோ தெரியாத விலங்கோ கடித்த காயம் என்றால், சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவைப்படும். இந்தக் களேபரத்தில் மணியின் பல்லோ நகமோ உங்கள் மேல் பட்டுவிட்டதா? மறைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, போங்கள்!

சின்னக் கீறல் சில நாளில் பொருக்குத் தட்டும். அதைப் பிய்க்க வேண்டாம், தானே உதிரும். அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். பயப்படாதீர்கள், கறுப்பு நிறம் திரும்பி வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அதற்கு மூக்கே இளஞ்சிவப்புத்தானே! ஆனால் வெயில் அந்த மூக்கைச் சீக்கிரம் சுட்டுவிடும். உச்சி வெயிலில் நாயை நிழலில் கட்டுங்கள். நாம் பூசும் வெயில் கிரீமை மட்டும் தடவிவிடாதீர்கள். பல கிரீம்களில் நாய்க்கு ஆகாத துத்தநாகம் இருக்கும். நாக்குதான் தயாராக இருக்கிறதே!