கையெழுத்து யாருடையது?

வயது 35 நிறைந்திருக்க வேண்டும், பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள், முப்படைகளுக்கும் தலைவர். குடியரசுத் தலைவரைப் பற்றிக் கேட்டால் பட்டு நெசவு ஊரான ஆரணியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். சமூக அறிவியல் பாடநூலில் மத்திய அரசைப் பற்றியும் மாநில அரசைப் பற்றியும் அடுத்தடுத்து இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தேர்வுக்கு அவை போதும். வீட்டில் அப்பா நெய்கிற பட்டுப்புடவைக்கும் அந்தப் பாடங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால்தான் பதில் தடுமாறும்.

தொடர்பு மிக நெருக்கமானது. 1985-ல் நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும், விசைத்தறியில் நெய்தால் குற்றம் என்பது அதன் சாரம். எந்தெந்த வகைகள் என்று பட்டியல் வெளியிட்டது மத்திய அரசு. முதலில் 22 ஆக இருந்த வகைகள் பின்னால் 11 ஆகக் குறைந்தன. புடவைக்கு இன்றும் அதில் இடமுண்டு. விசைத்தறிக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சட்டம் செல்லும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு விளக்குவதெல்லாம் இந்த ஒரே கதைக்குள் அடங்கிவிடுகிறது. விசைத்தறியில் ஓடும் புடவையைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டியது யார் என்ற கேள்வி வரும்போது, நிர்வாகத்துறை என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது. எத்தனை நல்ல சட்டமாக இருந்தாலும் தறிக்கூடத்தின் கதவைத் தட்ட ஓர் அதிகாரி வந்தாக வேண்டும்.

மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட் ஆனது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அரசு முடிவெடுத்தது, ஆணை வந்தது. சட்டத்துக்கும் அரசாணைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

அமைச்சருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் என்ன வித்தியாசம்? இதற்கும் ஊரிலேயே விடை இருக்கிறது. 2016-ல் ஆரணியில் வென்ற சேவூர் எஸ். ராமச்சந்திரன் இந்து சமய அறநிலையத்துறை அமைச்சரானார். 2021-லும் ஆரணி அவரையே தேர்ந்தெடுத்தது. ஆட்சி மாறியதால் அமைச்சர் பதவி இல்லாமல் போனது. தொகுதியும் ஆளும் அதேதான், கோப்பில் ஆணையிடும் அதிகாரம் மட்டும் இருக்கவில்லை.

இங்கிருந்து ராஷ்டிரபதி பவனுக்குப் போவது எளிது. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆரணி மக்களுக்கு நேரடி வாக்கு கிடையாது. அவர்கள் தேர்ந்தெடுத்தவருக்கு உண்டு. தமிழ்நாட்டு சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு 176. கணக்கு வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம்: 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 தொகுதிகளால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்கு அதே கணக்கில் 208 வரும். 2022-ல் திரௌபதி முர்மு தேர்வானபோது நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 700. இன்னும் ஏன் 1971 மக்கள்தொகை என்று ஒரு மாணவி கேட்டால், ஆசிரியர் அன்று பாடத்தை முடிக்க அவசரப்படக் கூடாது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்பதற்காக 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் அந்த எண்ணை மாறாமல் நிறுத்திவைத்தது. 2001-ல் அது நீட்டிக்கப்பட்டது. தொகுதி மறுவரையறை பற்றி இன்று நடக்கும் வாக்குவாதத்தின் வேர் அங்கேதான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது? ‘பெயரளவுத் தலைவர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பாடத்தின் சுவையான பகுதி போய்விடும். 2006-ல் ஆதாயப் பதவி மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார் அப்துல் கலாம். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது, அவர் கையெழுத்திட்டார். ஒருமுறை யோசிக்கச் சொல்லலாம், அதற்குமேல் மறுக்க முடியாது என்ற வரம்பு பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒருவர் வழியாக விளங்குகிறது.

ஆளுநர் விஷயம் இன்னும் சூடானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018-லேயே ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. அவரிடமிருந்து முடிவு வராமல் ஆண்டுகள் ஓடின. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுதலை செய்தது. 2025 ஏப்ரலில், ஆளுநரிடம் தேங்கிய 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்க, நவம்பரில் ஐவர் அமர்வு வேறு கருத்துச் சொன்னது: ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. இது பாடநூல் அச்சாகி வெகுநாள் கழித்து நடந்தது. செய்தித்தாளை வகுப்பறைக்குக் கொண்டுவராமல் இந்தப் பாடத்தை இனி நடத்த முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க அண்டை நாடும் இருக்கிறது. இலங்கையில் 1978 முதல் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறை. மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். அமெரிக்க அதிபரின் கையெழுத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளரும் பிள்ளைகள், நம் குடியரசுத் தலைவருக்கும் அதே அதிகாரம் என்று நினைத்துக்கொள்வது இயல்புதான். இந்த மூன்று பதவிகளையும் ஒரே பலகையில் எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

செயல்முறைப் பயிற்சிக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005 கையிலேயே இருக்கிறது. ஆரணி இருக்கும் மாவட்டத்தில் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கடந்த ஆண்டு எத்தனை விசைத்தறிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை வழக்குகள் பதிவாயின என்று மாணவர்கள் ஒரு மனு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த மனு மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.