நடுகல் இல்லாத வீரர்கள்: போர்க்கால முன்னோரைத் தேடும் முறை



மெர்சிங் நகரிலிருந்து தெற்கே ஜெமாலுவாங் நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், தாம் ஒரு போர்க்களத்தைக் கடந்து செல்வதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. 1942ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வடக்கே எண்டாவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது. அன்றிரவும் மறுநாள் அதிகாலையும் இச்சாலையை ஒட்டிய நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில், ஆஸ்திரேலியாவின் 2/18ஆம் பட்டாளம் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. அங்கு மாண்ட ஆஸ்திரேலிய வீரரின் பேரப்பிள்ளை, தம் பாட்டனாரின் பெயரையும் படை எண்ணையும் மறைந்த நாளையும் இன்று வீட்டிலிருந்தபடியே அறிந்துகொள்ளலாம். ஆனால் இத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர், அப்போரால் எங்கெங்குச் சென்றனர், எந்தக் கொடியின்கீழ் நின்றனர், எங்கே மடிந்தனர் என்று கேட்டால், பல குடும்பங்களில் கிடைக்கும் விடை ஒன்றே: “தாத்தா பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை.”

இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

உடன்பிறந்தோர் எதிரெதிரே நின்ற போர்

மலாயாத் தமிழர் பெருமளவில் பங்குகொண்ட படை இந்திய தேசிய இராணுவம் ஆகும். அதன் வரலாற்றில் இரு கட்டங்கள் உள்ளன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஃபாரர் பூங்காவில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் தலைமையில் முதல் படை உருவாயிற்று. ஜப்பானியரோடு எழுந்த கருத்து வேறுபாட்டால் அவ்வாண்டு டிசம்பரில் அது கலைக்கப்பட்டது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பின்னரே இரண்டாம் கட்டம் தொடங்கியது. அப்போதுதான் தோட்டத் தொழிலாளர், கிராணிமார், கடைச் சிப்பந்திகள், மாணவர் ஆகியோர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டதும், மலாயாத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர்.

இதனை நாம் விடுதலைப் போர் என்கிறோம். அது சரியே. எனினும் 1944இல் இம்பாலிலும் 1945இல் பர்மாவிலும் இப்படைக்கு எதிரே நின்ற பிரிட்டிஷ் பதினான்காம் சேனையில் பெரும்பகுதியினர் இந்தியர்களே. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழ்ச் சிப்பாய்களும் அப்பக்கத்தில் இருந்தனர். ஒரே மாவட்டத்தில் பிறந்து, ஒருவர் கப்பலேறித் தோட்டத்துக்கும் மற்றவர் பட்டாளத்துக்கும் போயிருந்தால், அவ்விருவரும் ஒரே காட்டில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடும். இந்த வகையில் இது உள்நாட்டுப் போரின் தன்மையையும் கொண்டிருந்தது. முன்னோரைத் தேடும்போது இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. ஏனெனில் எந்தப் பக்கத்து ஆவணத்தில் தேடுவது என்பது இதைப் பொறுத்தே அமையும்.

ஏடுகள் ஏன் குறைவு?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட ஒருவரின் வழித்தோன்றல், படைப்பிரிவுப் பெயர்ப் பட்டியலையும் ஓய்வூதியக் கோப்பையும் கொண்டு தம் முன்னோரைக் கண்டறிகிறார். நமக்கு அவ்வசதி இல்லாமைக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தோற்ற பக்கத்தின் ஏடுகள் நிலைப்பதில்லை. 1945இல் பின்வாங்கும்போதும் ஜப்பான் சரணடைந்தபோதும் ஏராளமான ஆவணங்கள் எரிக்கப்பட்டன. இரண்டாவது, போருக்குப் பின் பிரிட்டிஷார் நடத்திய விசாரணை, முன்பு தம் படையில் இருந்து மாறிச் சென்ற சிப்பாய்களையே மையமாகக் கொண்டது. அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று வகையாகப் பிரித்துப் பதிவு செய்தனர். டில்லி செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய புகழ்பெற்ற வழக்கில் நின்ற ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் முன்னாள் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளே. தோட்டத்திலிருந்து சேர்ந்தவருக்கோ பழைய படை எண்ணும் இல்லை. மாறிச் சென்ற குற்றமும் இல்லை. எனவே அவரைப் பற்றிய எழுத்தும் குறைவு. மூன்றாவது, திரும்பி வந்தவர்களே பலர் வாய் திறக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சி மீண்டிருந்தது. துரை அதே துரையாகவோ, அவரைப் போன்ற மற்றொருவராகவோ இருந்தார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், துப்பாக்கி பிடித்த பழைய கதை ஆபத்தான கதையாயிற்று.

நடுகல் கேட்கும் நான்கு கேள்விகள்

நம் முன்னோர் போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் நாட்டினர். நடுகல் கல்வெட்டுகளை ஆராய்ந்தால் அவற்றில் பொதுவாக நான்கு செய்திகளைக் காணலாம்: வீரன் பெயர், அவன் ஊர், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசலில் பட்டான் என்பது. பெயர், இடம், காலம், நிகழ்வு என்னும் இந்நான்கும் இன்றும் தேடலுக்குப் போதுமான வழிகாட்டிகள்.

பெயரே முதற் சிக்கல். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவர் தோட்டத்துக் கிராணி, கப்பல் எழுத்தர், படை எழுத்தர் எனப் பலர். ‘முனியாண்டி’ என்னும் பெயரின் ஈற்று இகரத்தை ஒருவர் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தாலும் மற்றொருவர் ‘ஒய்’ என்னும் எழுத்தாலும் குறிப்பர். ‘பழனி’யின் ழகரத்தை எழுத ஆங்கிலத்தில் தனி எழுத்தே இல்லை. தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும், ஓரிடத்தில் ‘அனாக் லெலாக்கி’ என்பதன் பின்னும், வேறோரிடத்தில் குடும்பப் பெயர் போலவும் நிற்கும். ஆகவே ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடுதல் கூடாது. ஒலிக்கு ஏற்ற எல்லா எழுத்து வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தந்தை பெயருக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். வீட்டில் அழைத்த பெயரும் பதிவுப் பெயரும் வேறு வேறாக இருப்பதும் உண்டு.

அடுத்தது இடம். ‘ஜொகூரில் ஒரு தோட்டம்’ என்பது போதாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், தமிழர் அதற்கு வழங்கிய பெயர், அருகிலிருந்த நகரம் ஆகிய மூன்றும் தேவை. தமிழர் பல தோட்டங்களைத் துரை பெயராலோ ஆற்றின் பெயராலோ அழைத்தனர். ஆவணத்தில் இருப்பது நிறுவனப் பெயர். தமிழகத்துப் பூர்விக ஊரும் முக்கியம். உயிரோடு மீண்டவர் எழுதிய கடிதங்களும் அனுப்பிய பணத்தின் சான்றும் சில வேளை அங்குள்ள உறவினர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும்.

காலமே கதையைச் சரிபார்க்கும் உரைகல். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு தோட்டத் தொழிலாளி 1942இன் தொடக்கத்திலேயே நேதாஜி படையில் சேர்ந்தார் என்று குடும்பத்தினர் கூறுவதாகக் கொள்வோம். முதல் படை பெரும்பாலும் போர்க் கைதிகளைக் கொண்டது. போஸ் வந்ததோ 1943 ஜூலையில். ஆகவே ஆண்டு தவறியிருக்கலாம், அல்லது அவர் சென்றது வேறிடமாக இருக்கலாம். அந்த வேறிடம் பெரும்பாலும் சயாம். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். வேலை 1942இல் தொடங்கி, 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அங்குப் போவதைத் தவிர்க்கவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. ‘பட்டாளத்துக்குப் போனார்’ என்னும் ஒரே சொற்றொடருக்குள் இவ்விரு பயணங்களும் கலந்து கிடக்கலாம். ‘சப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான்’ என்றால் ஒரு பொருள். ‘பேர் கொடுத்துவிட்டுப் போனார்’ என்றால் வேறொரு பொருள். வினைச்சொல்லைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

நிகழ்வைக் கண்டறிய முதியோர் நினைவிலுள்ள சொற்களே துணை. இந்திய தேசிய இராணுவத்தின் ஆணைமொழி இந்துஸ்தானி. தமிழன்றி வேறு மொழி பேசாத ஒரு பாட்டனார் இந்துஸ்தானிப் பயிற்சிக் கட்டளைகளைச் சொல்லிக் காட்டினார் என்றால், அது வலுவான சான்று. குழந்தைகளாக இருந்தவர்கள் ‘பால சேனா’ என்பதை நினைவுகூரலாம். இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் அட்டையோ நன்கொடைச் சீட்டோ பழைய பெட்டிகளில் இருக்கக்கூடும். பேரிச்சுவை வேண்டி எல்லாரையும் இம்பாலுக்கு அனுப்பிவிடவும் கூடாது. இம்பால் முனையில் நின்ற முதல் டிவிஷனில் முன்னாள் போர்க் கைதிகளே மிகுதி. இரண்டாம் டிவிஷன் 1945இல் ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலைப் பகுதியிலும் போரிட்டது. உள்ளூர்த் தொண்டர்களை மிகுதியாகக் கொண்ட மூன்றாம் டிவிஷனோ மலாயாவிலேயே இருந்தது. ஆகவே உங்கள் பாட்டனார் மலாயாவை விட்டு நீங்கவே இல்லை எனத் தெரியவந்தால், அதனால் அவர் பணி சிறியதாகிவிடாது.

எங்கே தேடுவது?

வீட்டில் தொடங்க வேண்டும். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களையும் பழைய அடையாள அட்டையையும் முதலில் திரட்டுக. மலாயாவில் அடையாள அட்டை 1948இல் அவசரகாலத்தோடு வந்தது; அதிலுள்ள எழுத்துக்கூட்டல் பின்னைய பதிவுகளுக்கு அடிப்படையாக இருந்திருக்கலாம். அடுத்து, கோலாலம்பூரிலுள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்க்கால, போருக்குப் பிந்திய நிருவாகக் கோப்புகளை நாடலாம். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானியர் காலம் குறித்த நேர்காணல்களைப் பதிவு செய்து வைத்துள்ளது. உங்கள் பாட்டனாரின் குரல் அங்கு இல்லாமற் போகலாம்; அவர் இருந்த முகாமைப் பற்றிப் பேசுபவர் இருக்கக்கூடும். புது டில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு இந்திய தேசிய இராணுவம் பற்றிய 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சு 1997இல் ஒப்படைத்தது. இந்திய அரசு 1972இல் விடுதலை வீரர்க்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியதால், தமிழகம் திரும்பியவர்கள் தம் சேவையை மெய்ப்பிக்க அளித்த விண்ணப்பங்களும் தேடத்தக்கவை. எதிர்ப்பக்கத்தில் நின்று மாண்டவர் எனில், பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைத் தேடலாம். கிராஞ்சி, தைப்பிங், இம்பால் ஆகிய இடங்களிலுள்ள கல்லறைகளும் நினைவகங்களும் அதன் பொறுப்பில் உள்ளவை.

ஒவ்வொரு செய்தியையும் மூன்று நிரல்களில் எழுதுக: குடும்பம் சொல்வது, ஏடு சொல்வது, இரண்டும் பொருந்துகின்றனவா என்பது. பொருந்தாதவற்றை அழித்துவிடாதீர்கள். இன்று பொருந்தாத ஒன்று, நாளை மற்றொரு சான்று கிடைக்கும்போது பொருளுடையதாகலாம்.

கண்டதை ஏற்கும் துணிவு

தேடுவோர் வீரனைத் தேடிப் புறப்படுகின்றனர். கிடைப்பவர் மனிதராக இருப்பார். கொள்கைக்காகச் சேர்ந்தவர் இருப்பார். மரவள்ளிக் கிழங்கே உணவாகிவிட்ட காலத்தில் சோற்றுக்காகச் சேர்ந்தவரும் இருப்பார். சயாமுக்கு அஞ்சிச் சேர்ந்தவர், நடுவில் தப்பியோடியவர், பிரிட்டிஷ் சீருடையிலேயே நின்றவர் ஆகியோரும் இருப்பர். அவசரகாலத்தில் ஒருவர் காட்டிலும் அவர் உறவினர் சிறப்புக் காவற்படையிலும் இருந்ததும் வெளிப்படலாம். இவர்களுள் எவரையும் மறைப்பது ஆராய்ச்சி ஆகாது. அன்றைய பசியையும் அச்சத்தையும் அறியாத நாம் தீர்ப்பு வழங்க விரைவதும் முறையன்று.

இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்நீத்தோர்க்கு 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் நினைவுச் சின்னத்திற்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் அதனைத் தகர்த்தனர். அவ்விடத்தில் 1995இல் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது. அதிலும் நம் தோட்டத்துப் பாட்டன்மார் தனித்தனிப் பெயர்களோடு இல்லை. அப்பெயர்கள் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்த சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, பெயர், இடம், காலம், நிகழ்வு என்னும் நான்கையும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே தமிழில் எழுதி வரச் செய்யுங்கள். நாளும் சொன்னவர் பெயரும் அடியில் இருக்கட்டும். காப்பகங்கள் நாளையும் திறந்திருக்கும். அம்முதியவர் நமக்காகக் காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.