மீன் ஆகாதவரும் மீன் தின்றவரும்

1921. அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகவே ஆகாது. அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சக மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஊசி. சிறிது நேரத்தில் அங்கு மட்டும் தோல் தடித்துச் சிவந்தது. பிராஸ்னிட்ஸோ மீனைத் தாராளமாகச் சாப்பிடக்கூடியவர்! (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.)

அப்படியானால் ஒவ்வாமையைத் தூண்டிய ஏதோ ஒன்று கியூஸ்ட்னரின் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த மர்மப் பொருள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் எனத் தெரிய 1960-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இன்று செய்யும் தோல் பரிசோதனையும் அதே அடிப்படையில்தான் நடக்கிறது. முன்கையில் உணவுச் சாறு ஒரு சொட்டு. அதன் மேல் ஊசி நுனியால் லேசாக ஒரு குத்து. பக்கத்திலேயே உப்புநீர் ஒரு சொட்டு, ஹிஸ்டமின் ஒரு சொட்டு. உப்புநீர் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் தடித்தே ஆக வேண்டும். அரிப்புக்கு மாத்திரை போட்டிருந்தால் ஹிஸ்டமினும் தடிக்காது; அதனால்தான் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்து அளப்பார்கள். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் 'பாசிட்டிவ்'.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உடம்பில் அந்த உணவுக்கான ஐஜிஇ இருக்கிறது என்பதற்கு மேல் அந்தத் தடிப்பு எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ஐஜிஇ-யை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இரண்டிலும் பாசிட்டிவ் வந்தும் வேர்க்கடலையைச் சங்கடமின்றி மென்று தின்பவர்கள் இருக்கிறார்கள். எனவே நல்ல மருத்துவர் ஊசியை எடுக்குமுன் கதை கேட்பார்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் அரித்தது, முன்பு சாப்பிட்டபோது என்ன ஆயிற்று? அந்தக் கதையோடு பொருந்தினால்தான் பரிசோதனை முடிவுக்கு மதிப்பு.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் கடைசி வழி. மருத்துவமனையில், அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, துளியளவில் தொடங்கி இடைவெளி விட்டு அளவைக் கூட்டுவார்கள். மிகத் துல்லியமான முறையில் உணவை வேறொன்றில் ஒளித்து ஒரு முறையும், அந்த உணவு இல்லாத போலியை இன்னொரு முறையும் கொடுப்பார்கள். எது அசல், எது போலி என்பது அந்த நேரத்தில் மருத்துவருக்கும் தெரியாது.

நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தச் சொட்டில் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்த்துத் தரும் பட்டியல்களை நம்பிக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். ஐஜிஜி பெரும்பாலும் அந்த உணவைச் சாப்பிட்டதற்கான தடயம் மட்டுமே. 'கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே சோதிப்பதும் வேண்டாம்.