பேர்லினில் ஒரு வரைதற் கொப்பியுடன்

“பிள்ளை, என்ர மூத்தவன்ர முகத்தை ஒருக்காக் கீறித் தருவியளோ?”

எமது பெண்கள் குழு சித்திரம் வரையும் நாளொன்றில் ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது. 2009 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து ஓடியபோது அவருடைய தகரப் பெட்டியோடு குடும்பப் படங்கள் எல்லாம் தவறிவிட்டன. மகன் காணாமல் போனதும் அதே ஆண்டில்தான். “முந்தி கண்ணை மூடினா முகம் வரும். இப்ப மங்கிக்கொண்டு போகுது” என்றார்.

நான் சமூகவியல் படித்தவள். சித்திரம் முறையாகப் பயின்றவள் அல்ல. மரமும் வீடும் கீறுவேன், முகம் வராது. “பாப்பம் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

2024 ஒக்டோபரில் ஒரு பயிற்சிநெறிக்காக ஜேர்மனி செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. பயிற்சி முடிந்தபின் நான்கு நாட்கள் லீவு எடுத்துக்கொண்டு, சேமித்து வைத்திருந்த காசில் தலைநகர் பேர்லினுக்குப் போனேன். “தனியவோ போறாய்?” என்று வீட்டில் கேட்டார்கள். தனியத்தான் போனேன். ஒரு கொப்பி, இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர், ஒரு மடக்குக் கதிரை. இவைதான் துணை.

தெருவோரத்தில் ஒரு பெண் தனியே இருந்து கீறுவது முதல்நாள் எனக்கே கூச்சமாக இருந்தது. முதுகுப் பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து இருந்தேன். ஒரு சிறுமி வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கை நடுங்கவில்லை.

கூரை திறந்த மண்டபம்

நான் முதலில் கீறச் சென்ற இடம், உண்டர் டென் லிண்டன் எனும் பெருந்தெருவில் உள்ள ‘நொய வாக்க’ நினைவு மண்டபம். 1818 இல் காவலர் கட்டடமாகக் கட்டி முடிக்கப்பட்டது. 1993 முதல் போரினாலும் கொடுங்கோன்மையினாலும் இறந்தோருக்கான ஜேர்மனியின் தேசிய நினைவிடமாக இருக்கின்றது. உள்ளே வெறும் மண்டபம். நடுவில் ஒரேயொரு சிலை. இறந்த மகனை மடியிலே இடுக்கி அணைத்தபடி நிலத்தில் இருக்கும் ஒரு தாய். அவளுக்கு நேர் மேலே கூரையில் வட்டமாக ஒரு திறப்பு. மழையும் பனியும் அந்தத் தாயின்மேல்தான் விழும். நான் போன அன்றும் தூறல். தாயின் தலை நனைந்திருந்தது.

இந்தச் சிலையின் மூலத்தைச் செய்தவர் கேத்தே கொல்விற்ஸ் (1867–1945) என்ற பெண் ஓவியர். அவர் 1937 இல் செய்யத் தொடங்கிய மூலச் சிலை ஒரு முழம் உயரங்கூட இல்லை. அதைப் பெரிதாக்கித்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். வைத்தபோது கண்டனமும் எழுந்தது. கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒன்றாகச் சேர்த்து நினைவுகூரலாமா, யூத மக்களின் அழிவுக்குக் கிறிஸ்தவச் சாயல் உள்ள ஒரு சிலை பொருந்துமா என்று பலர் கேட்டனர். அதனால் பாதிக்கப்பட்ட மக்கள் பிரிவினரைத் தனித்தனியே குறிப்பிடும் பலகைகள் வாசலில் பொருத்தப்பட்டன. நினைவுச் சின்னம் ஒன்றை எழுப்பினால் மாத்திரம் போதாது, யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும் என்பதை அந்த வாசலில் நின்று யோசித்தேன்.

மகனை அனுப்பிய தாய்

கொல்விற்ஸின் கணவர் ஒரு வைத்தியர். பேர்லினின் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். அவரிடம் வந்த களைத்துப்போன பெண்களையும் பசித்த பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்துக் கீறியவர் இவர். அவர்கள் வாழ்ந்த வீதிக்கு இன்று அவருடைய பெயர். அருகிலுள்ள சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலையும் இருக்கின்றது.

1914 இல் முதலாம் உலகப்போர் வந்தது. இளைய மகன் பீற்றருக்கு அப்போது 18 வயது. படையில் சேரத் தகப்பனின் அனுமதி தேவைப்பட்டது. தகப்பன் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அந்த அனுமதியை வாங்கிக் கொடுத்தவர் தாய்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் பீற்றர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். போகவிட்டேனே என்ற குற்றவுணர்வு அந்தத் தாயை விட்டு நீங்கவில்லை.

மகனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்ய அவர் தீர்மானித்தார். மகன் கிடக்க, தலைமாட்டில் தகப்பனும் கால்மாட்டில் தாயும் இருப்பது முதல் திட்டம். ஆண்டுக்கணக்காக முயன்றார். சரிவரவில்லை, 1919 இல் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியபோது மகனின் உருவத்தையே விட்டுவிட்டார். முழந்தாளிட்டிருக்கும் தகப்பன், குனிந்திருக்கும் தாய், இரண்டு பேர் மட்டும். 1932 இல்தான் அவை பெல்ஜியத்திலுள்ள மயானத்தில் வைக்கப்பட்டன. மகன் இறந்து 18 ஆண்டுகள். மகன் வாழ்ந்ததும் 18 ஆண்டுகள்தான்.

சார்லொட்டன்பேர்க் அரண்மனைக் கட்டடமொன்றில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்தில் இதைப் பற்றி அறிந்தபோது, எங்கள் அம்மாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. இத்தனை பெரிய ஓவியராலும் மகனை அந்தச் சிலையில் கொண்டுவர முடியவில்லை. மகனுக்காகத் தவிக்கும் தன்னையே அவர் செய்தார். அந்தத் தாயின் முகம் அவருடைய முகம்.

கணவர்மாரைக் கேட்டு நின்ற பெண்கள்

மூன்றாம் நாள் றோசன் வீதிக்குப் போனேன். 1943 பெப்ரவரி 27 அன்று ஹிட்லரின் ஆட்சி பேர்லினில் எஞ்சியிருந்த யூதர்களைச் சுற்றிவளைத்தது. பிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் இந்த வீதியில் இருந்த ஒரு கட்டடத்தில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் யூதரல்லாத பெண்களை மணந்த ஆண்கள். செய்தி கேட்டு அந்த மனைவிமார் வீதியில் கூடினார்கள். சுடுவோம் என்று மிரட்டியும் கலைந்து, மீண்டும் கூடினார்கள். “எங்கள் கணவர்மாரைத் தாருங்கள்” என்பதே அவர்களது குரல். மார்ச் 6 ஆம் திகதியிலிருந்து பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டனர். பெண்களின் போராட்டத்தால்தான் விடுவித்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படுவதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அங்கே நின்றார்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. 1995 இல் இங்கெபோர்க் ஹுன்சிங்கர் என்ற பெண் சிற்பி செய்த சிவந்த கற்சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கீற இரண்டு மணித்தியாலம் எடுத்தேன். கீறும்போது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 இல் கொட்டில் போட்டு இருந்த எங்கள் தாய்மாரைத்தான் எண்ணிக்கொண்டேன்.

திரும்பி வந்தபின்

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “மகன்ர முகத்தை என்னால கீறேலாது அம்மா. ஆனா நீங்கள் உங்களைக் கீறலாம். உங்கட வீட்டைக் கீறலாம்.” பீற்றரின் தாயைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “18 வருசமோ?” என்று மட்டும் கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் பென்சில் பிடித்தார். தன் வீட்டுப் படலையைக் கீறினார். நேரம் எடுத்தது. திறந்து கிடக்கும் படலை. பிறகு அதன் மேற்சட்டத்தில் விரலை வைத்து, “அவன்ர தோள் இந்தளவுக்கு வரும். அதில சாய்ஞ்சுகொண்டுதான் என்னைக் கூப்பிடுவான்” என்றார். பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் அழுதார். அன்று மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள்.

சகோதரிகளே, சித்திரம் கீறுவதால் காணாமற்போனவர் திரும்ப மாட்டார். உண்மையைக் கேட்கும் எமது உரிமைக்கும் அது ஈடாகாது. கொல்விற்ஸும் தம் துக்கத்தை வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. “இனி ஒருபோதும் போர் வேண்டாம்” என்ற சுவரொட்டியை 1924 இல் வரைந்தார். ஆனால் சொல்ல வாய் வராததைச் சில வேளைகளில் கை சொல்லும். ஒரு பள்ளிக் கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். வடிவாக இருக்கவேண்டும் என்றில்லை. கிணற்றடி, அடுப்பு, படலை, தேய்ந்த செருப்பு, எதையும் கீறலாம். முடிந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இருங்கள். நெஞ்சு அடைப்பதுபோல் வந்தாலோ இரவில் நித்திரை குழம்பினாலோ நிறுத்திவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ உங்கள் பகுதி உளவளத்துணையாளரிடமோ கதையுங்கள்.

அம்மாவின் படலைச் சித்திரம் இப்போது அவருடைய வீட்டுச் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றது. போன கிழமை போனபோது அதில் புதிதாக ஒன்றைக் கண்டேன். படலைக்கு இந்தப் பக்கம், திண்ணையில் ஒரு பெண் இருக்கின்றாள். “அது நான்தான் பிள்ளை” என்றார்.