வண்டி உதறுது... நீங்க உதறாதீங்க!

பொங்கல் லீவு. சென்னை, சிங்கப்பூர்னு சிதறிக் கிடந்த சொந்தமெல்லாம் காரைக்குடி வீட்டுக்கு வந்து இறங்கியாச்சு. வருஷம் பூரா பூட்டிக் கிடந்த கார் கொட்டகையைத் திறக்கிறீங்க. உள்ளே, ஐயா ஆசையா வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தூசியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. புது பேட்டரி போட்டு, பழைய பெட்ரோலை வடிச்சுட்டு புதுசு ஊத்தி, ஒருவழியா ஸ்டார்ட் பண்ணிட்டீங்க. தெருவே வேடிக்கை பார்க்குது. ஸ்டைலா முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை மெதுவா விட்டா... தடதடதடன்னு மொத்த வண்டியும் குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுது!

உடனே ரெண்டு பக்கமும் ரெண்டு அட்வைஸ் வரும். ஒருத்தர், "கிளட்ச் போச்சு தம்பி, கியர்பாக்ஸை இறக்கிடலாம்" என்பார். இன்னொருத்தர், "பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்பார். ரெண்டுக்குமே அவசரப்படாதீங்க பாஸ்! உதறல் என்பது நோய் இல்லை, அறிகுறி. காய்ச்சல் வந்தால் முதலில் என்ன காய்ச்சல்னு பார்க்கிற மாதிரி, இதையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கணும். ஹெரால்டு மட்டுமல்ல... ஃபியட், கான்டெஸா, பழைய லான்ஸர் என்று எந்தப் பழைய கியர் வண்டிக்கும் இது பொருந்தும்.

ஹெரால்டு... ஸ்போர்ட்ஸ் காரின் ஒண்ணுவிட்ட அண்ணன்!

ஹெரால்டைச் சாதாரணமா நினைக்காதீங்க. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த கார் இது. உடம்பை வரைந்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கி, மேலே ரெண்டு சீட் உடம்பை உட்கார வைத்து 1962-ல் வந்ததுதான் உலகப் புகழ்பெற்ற 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் கார். நம்ம ஊரில் 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் லாகவம். சோழவரம் விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் அனல் பறந்த ரேஸ்களில் ஹெரால்டுகளும் ஓடின.

ஆனால், அந்த நிறுவனம் 1980-களின் இறுதியோடு கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதாவது, 'இந்த பார்ட் சரியில்லை' என்று அவசரத்தில் நீங்கள் தூக்கிப் போடும் ஒவ்வொன்றும் திரும்பக் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இன்னொன்றும் இருக்கு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை என்றாலும், கௌரவத்தோடு வாழலாம். அப்படிப்பட்ட வண்டியை ஒரு உதறலுக்காகக் கைகழுவினால் நஷ்டம் யாருக்கு?

தேக்குக் கதவும் கிளட்ச் பிளேட்டும்

சரி, ஏன் உதறுது? இன்ஜினோடு சேர்ந்து ஃப்ளைவீல் சுத்துது. அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிக்குது. நீங்கள் பெடலை விடும்போது, சுத்துகிற ஃப்ளைவீலும் சும்மா நிற்கிற பிளேட்டும் கொஞ்ச நேரம் வழுக்கி, அப்புறம் கைகோத்துக்கணும். அந்த வழுக்கல் சீராக இருந்தால் வண்டி வெண்ணெய் மாதிரி நகரும். அப்படி இல்லாமல் பிடி, விடு, பிடி, விடு என்று நொடிக்குப் பல தடவை மாறினால்? அதுதான் உதறல்.

செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்குக் கதவைத் திறக்கும்போது 'கிரீச்'னு ஒரு சத்தம் வருமே... அதே விஞ்ஞானம்தான் இது! கதவின் கீல் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு நகர்வதால் வரும் சத்தம் அது. அங்கே சத்தமா வருவது, இங்கே நடுக்கமா வருது. மெக்கானிக்கல் படிக்கும் நண்பர்களே, கிளட்ச் கணக்கில் 'யூனிஃபார்ம் வியர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மார்க் வாங்குவீங்களே... அந்த 'யூனிஃபார்ம்' காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வண்டிதான் பிராக்டிகல்!

துப்பறிய அஞ்சே அஞ்சு கேள்வி

கிளட்ச் பிளேட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆனால், கியர்பாக்ஸைத் தொடாமலே பாதி உண்மையைக் கறந்துவிடலாம்.

1. எப்போ உதறுது? காலையில் முதல் ரெண்டு மூணு தடவை மட்டும் உதறி, அப்புறம் சரியாகிறதா? ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஈரம் பட்டு ஃப்ளைவீல் முகத்தில் லேசாகத் துரு ஏறியிருக்கும். கூட்டமில்லாத ரோட்டில் நிதானமாகப் பத்து, பதினைந்து தடவை எடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் தேய்ந்து போய்விடும். செலவு, கொஞ்சம் பெட்ரோல் மட்டுமே! மாறாக, ஓட ஓட, சூடு ஏற ஏற உதறல் அதிகமானால் விஷயம் உள்ளே இருக்கு. பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது ஃப்ளைவீலோ பிரஷர் பிளேட்டோ சூட்டில் கோணியிருக்கலாம்.

2. காலை எடுத்த பிறகும் உதறுதா? பெடலை முழுசா விட்டு, ஒரே வேகத்தில் குன்றக்குடி ரோட்டில் போகும்போதும் நடுங்கினால் கிளட்ச் மேல் பழி போடாதீங்க. முழுசா பிடித்த கிளட்ச் உதறாது. ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட், வீல் பேலன்ஸ் பக்கம் பாருங்க.

3. முன்னாலயா, பின்னாலயா? முதல் கியரில் உதறுது, ரிவர்ஸில் சமர்த்தா போகுதா? அல்லது தலைகீழா? அப்படியென்றால் இன்ஜின் மவுன்டிங் மேல் சந்தேகம் வரணும். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருந்தால், கிளட்ச் பிடிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளும். எண்ணெயும் சூடும் வயசும் சேர்ந்து ரப்பரை இட்லியாக்கியிருக்கும். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு நூல் அளவு மட்டும் தூக்கிப் பாருங்க. ரப்பர் வாயைப் பிளந்தால் திருடன் சிக்கிட்டான்! கிளட்ச் செட் விலையில் ஒரு சின்னப் பங்குதான் மவுன்டிங்.

4. சும்மா நிற்கும்போது இன்ஜின் ஒழுங்கா ஓடுதா? நியூட்ரலிலேயே தத்தித் தத்தி ஓடுகிற இன்ஜின், கிளட்ச் பிடிக்கும்போது இன்னும் தத்தும். பிளக், கான்டாக்ட் பாயின்ட், கார்புரேட்டர் மூணையும் முதலில் சரி பண்ணுங்க. 'கிளட்ச் போச்சு' என்று முடிவு கட்டிய பல வண்டிகளில் போனது பாயின்ட்தான்!

5. கீழே எண்ணெய் சொட்டுதா? இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூண்டின் அடியில் கைவிட்டுப் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், இன்ஜினின் பின்பக்கத்திலிருந்தோ கியர்பாக்ஸின் முன்பக்கத்திலிருந்தோ கசிவு. அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டின் லைனிங்கில் பட்டால் ஒரு இடம் வழுக்கும், ஒரு இடம் பிடிக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும், உப்புத்தாளில் தேய்த்தாலும் திரும்பவும் உதறும். மாற்றுவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீங்க. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. சக்கரத்துக்கு முட்டும் கொடுத்திருக்கணும்.

இறக்கித்தான் ஆகணுமா?

அஞ்சு கேள்விக்கும் பதில் பார்த்தாச்சு, குற்றவாளி உள்ளேதான் என்று உறுதியாகிவிட்டது. அப்போ இறக்குங்க. ஹெரால்டில் ஒரு சுவாரஸ்யம்: கியர்பாக்ஸைக் கீழே இறக்கவே வேண்டாம். முன் சீட்டையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றிவிட்டு, காருக்கு உள்ளிருந்தே வெளியே தூக்கிவிடலாம்!

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். 'பிளேட் மட்டும் மாத்துங்க, போதும்' என்று காசை மிச்சம் பிடிப்பார்கள். ரெண்டே மாசத்தில் உதறல் 'ரிட்டர்ன்ஸ்' ஆகும். கூலியோ ரெட்டிப்பு. அதனால் திறந்தது திறந்தாச்சு, மொத்தமும் பார்த்துடுங்க. பட்டறையில் பக்கத்திலேயே நின்று கேட்க வேண்டியவை இவை:

ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பூத்த திட்டுகள், விரல் நகத்தில் தட்டுப்படும் வெடிப்புகள் இருக்கா? நீலத் திட்டு என்றால் அந்த இடம் சூட்டில் வெந்து கெட்டிப்பட்டிருக்கு. லேத் பட்டறையில் கொடுத்து முகம் சீவ வேண்டும். எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவு மட்டும். ஆழமான வெடிப்பு என்றால் சீவிப் பயனில்லை; வேறு ஃப்ளைவீல் தேடணும்.

பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்ப்ரிங்குகள் லொடலொடக்குதா? ஷாஃப்ட்டின் பல்லில் பிளேட் தடையில்லாமல் முன்னும் பின்னும் போகுதா? பல்லில் கிரீஸ் தடவுங்க... ஆனால், பொட்டு வைக்கிற அளவு. தோசைக்கு நெய் விடுகிற மாதிரி விட்டால் அதுவே லைனிங்குக்குப் போய்ச் சேரும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைச்சாச்சா? கசிவை விட்டுவிட்டுப் புது பிளேட் போடுவது, ஓட்டைக் கூரைக்கு அடியில் புதுப் பாய் விரிக்கிற கதை!

புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வந்திருக்கும். அதைச் சுத்தமாகத் துடைக்கணும். போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். முக்கியமான விஷயம் இது: கியர்பாக்ஸை மாட்டும்போது அதன் பாரம் முழுக்க கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கவே கூடாது. ஒரு நிமிஷம் தொங்கினாலும் புது பிளேட் கோணிவிடும். அப்புறம் புது கிளட்ச், புது உதறல்!

பிளேட் கடையில் கிடைக்கவில்லையா? பழைய பிளேட்டின் இரும்பு நன்றாக இருந்தால் அதிலேயே புது லைனிங் ரிவெட் அடித்துக் கொடுப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் பழசைக் காயலான் கடைக்கு அனுப்பாதீங்க. 'ரேஸ் கிளட்ச் போடலாமா?' என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ரேஸ் வண்டிக்கான செராமிக் கிளட்ச் வெடுக்கென்று பிடிப்பதற்காகவே செய்தது. ஊருக்குள் மெதுவா ஓட்டினால் அது உதறத்தான் செய்யும்!

தூசியை ஊதாதீங்க, ப்ளீஸ்!

பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் பல வருஷம் கழித்து நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடக்கூடியது. ஏர் பைப்பை வைத்து 'புஸ்'ஸென்று ஊதினால் பட்டறையில் இருக்கும் எல்லோருக்கும், கூடமாட நிற்கும் சின்னப் பையனுக்கும் அது பிரசாதம். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி எறியச் சொல்லுங்க. தூசிக்கான நல்ல மாஸ்க்கும் போடச் சொல்லுங்க. 'முப்பது வருஷமா ஊதுறேன், எனக்கு என்ன ஆச்சு?' என்று அண்ணன் சிரித்தால், நீங்களே துணியை நனைத்துக் கொடுங்க. தப்பே இல்லை.

பைக் கை, கார் கால்

கடைசியாக உங்க இடது காலுக்கு ஒரு சேதி. நம்மில் பலரும் பைக்கில் பழகிவிட்டுக் காருக்கு வந்தவர்கள். பல்சர், புல்லட் எல்லாம் கிளட்ச்சை எண்ணெயிலேயே குளிப்பாட்டி வைத்திருக்கும். அதனால் கல்லுக்கட்டி நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் உருட்டினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கார் கிளட்ச் காய்ந்த கிளட்ச். ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து வைத்தால் சூடு போக வழியில்லாமல் அங்கேயே வேகும். நீலத் திட்டும் கோணலும் பிறப்பது அப்படித்தான்.

அதனால் ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் பிடிங்க, கிளட்ச்சைப் பிடிக்காதீங்க. சிக்னலில் நியூட்ரல். ஓட்டும்போது பெடல் மேல் கால் ஓய்வெடுக்கக் கூடாது. புது கிளட்ச் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வித்தை காட்டாதீங்க. மாசம் ஒரு தடவையாவது கொட்டகையைத் திறந்து, இன்ஜின் நல்லா சூடாகும் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நீங்க ஹாஸ்டலில் இருந்தால், வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒருத்தரிடம் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க.

பழைய வண்டிக்கு வேண்டியது பெரிய பர்ஸ் இல்லை பாஸ், பெரிய பொறுமை. அடுத்த தடவை உதறினால், மெக்கானிக் நம்பரைத் தேடுவதற்கு முன்னால் அந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. பாதி நேரம், கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்!